குட்டி இன்ஜினுக்கு ஈயக்கம்பி வைத்த கதை

எங்கள் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வரும். போன வாரம் சுரேஷ் ஒரு படம் போட்டிருந்தான். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு வேலைக்கு வந்தவன் அவன். பழைய செயின் டிராக்டர் ஒன்றின் ஸ்டார்ட்டிங் இன்ஜினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: “பகவதியக்கா, இதுக்கு பிக் எண்ட் பேரிங்ல எவ்வளவு கிளியரன்ஸ் வைப்பீங்க?”

பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த இன்ஜினைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மாதிரி இன்ஜின் ஒன்று எங்கள் பட்டறையையே ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆட்டி வைத்தது. குழுவில் இருக்கும் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியாது. தெரிந்தவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு மைக்ரோமீட்டரைப் பிடித்திருந்த கை என்னுடையது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய செயின் வண்டிகளின் டீசல் இன்ஜினைச் சாவி போட்டுத் திருப்பிக் கிளப்ப முடியாது. அதன் பக்கவாட்டில் பெட்ரோலில் ஓடும் ரெண்டு சிலிண்டர் குட்டி இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது சூடாகி, கிளட்ச் கோத்து, பெரிய இன்ஜினைச் சுற்றிவிடும். குட்டி படுத்துவிட்டால் பெரியதும் படுத்த மாதிரிதான். இழுத்துக் கிளப்பலாமே என்றால், அதற்கு அதே எடையில் இன்னொரு செயின் வண்டி வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது.

நான் அந்தப் பட்டறைக்குள் போனது என் அப்பா வழியாக. அப்பா அங்கே செயின் வண்டி ஓட்டினார். அவர் போன பிறகு முதலாளி வீட்டுக்கு வந்து, “பிள்ளைய டூல் ரூம்ல இருக்கச் சொல்லுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, திருப்பி வாங்கித் துடைத்து வைப்பது, இதுதான் வேலை என்றார்கள். எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜைக் கொடுத்தால், வாங்கினவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து, சில வருஷத்தில் பட்டறையில் எதை அளப்பதென்றாலும் “பகவதியக் கூப்பிடு” என்றாகிவிட்டது. கை நடுங்காது, கண்ணால் பார்த்ததைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் பெருமையை நானே சொன்னால் என்ன, உண்மைதானே.

எங்கள் போர்மேன் பெயர் சிவதாணு. நாங்கள் அண்ணாச்சி என்போம். ஒல்லியான மனிதர், நெற்றி நிறைய விபூதி, சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். தப்பாக இருந்தால் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். அந்தச் செருமலுக்கு எங்கள் பட்டறையில் பயப்படாத ஆளில்லை. கோபம் கூடக் கூடக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். சட்டைப் பையில் ஒரு பக்கம் விபூதிப் பொட்டலமும் இன்னொரு பக்கம் மெல்லிய ஈயக்கம்பிச் சுருளும் எப்போதும் இருக்கும்.

அந்த ஈயக்கம்பிதான் அவருக்கு வேதம். பேரிங்குக்கும் அதற்குள் சுழல்கிற கிராங்குக்கும் நடுவில் எண்ணெய் நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதல்லவா? கிராங்கைத் துடைத்து, அதன் மேல் சின்னத் துண்டு ஈயக்கம்பியைப் படுக்க வைத்து, துளி கிரீஸ் வைத்து ஒட்டி, பேரிங்கின் மூடியைப் போட்டு, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். கிராங்கைச் சுற்றக் கூடாது. சுற்றினால் போச்சு. பிறகு மூடியைக் கழற்றினால் கம்பி நசுங்கித் தகடாகக் கிடக்கும். அந்தத் தகட்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் அதன் கனம்தான் இடைவெளி. இந்தக் குட்டி இன்ஜினுக்கு ரெண்டு தவ் இருக்க வேண்டும். தவ் என்பது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைந்தால் எண்ணெய் நுழையாமல் பேரிங் வெந்துபோகும். கூடினால் தட்டும்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். மயிலாடிப் பக்கம் ஒரு குளத்தின் கரை பலவீனமாக இருந்தது. கரைக்குக் கீழே கும்பப்பூ நெல்லுக்கு நாற்றுப் பாவியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கரையை உயர்த்த எங்கள் செயின் வண்டி அங்கே போனது. போன இடத்தில் குட்டி இன்ஜின் தட்டத் தொடங்கி, ஒரு நாள் காலையில் நின்றேவிட்டது. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். பிக் எண்ட் பேரிங் ரெண்டும் தேய்ந்து, கிராங்கும் முட்டை வடிவமாகியிருந்தது.

கிராங்கைக் கடைந்து கொடுத்தவர் ஞானசிகாமணி. தக்கலைப் பக்கம் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருந்தார். ஞானமும் அண்ணாச்சியும் வாலிபத்தில் ஒரே பட்டறையில் எடுபிடியாக இருந்தவர்கள். எங்கள் கிராங்க் எல்லாம் அவரிடம்தான் போகும். அண்ணாச்சி ஒரு ஆளை வாய்விட்டுப் புகழ்ந்து நான் கேட்டதென்றால் அது ஞானத்தை மட்டும்தான். ஞானம் கடைந்த கிராங்கைத் திருப்பி அளக்கக்கூட மாட்டார். அப்போதே ஞானத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்.

கிராங்க் கடைந்து வந்தது. அதற்கேற்ற அளவில் புது பேரிங் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. அந்த அளவுக்கு மேல் பேரிங்கே கிடையாது, இதுதான் கடைசி அளவு என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். பார்சல் வந்த அன்றைக்கே ஆயுத பூஜை. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி திருவனந்தபுரத்தில் கொலுவிருக்கும் நாட்கள். பட்டறையைக் கழுவி, எல்லா ஆயுதத்தையும் துடைத்து, வந்த பேரிங்கையும் சேர்த்துப் பூஜையில் வைத்தோம். வைத்த பிறகு மறுநாள் பூஜை பிரிக்கும் வரை ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது. அண்ணாச்சிதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். வேறு யாரையும் விடமாட்டார்.

பூஜை பிரித்ததும் குட்டி இன்ஜினில் கை வைத்தோம். பேரிங்குகளை நான் மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி கம்பி வைத்தார். நான் அளந்தேன். முதல் சிலிண்டரில் ரெண்டு தவ். இரண்டாவதில் கம்பி காகிதம் மாதிரி வந்தது. அரை தவ்கூட இல்லை. இன்னொரு தடவை வைத்தார். அதேதான். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“பேரிங்கு ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது. கிராங்குதான் தடிச்சுப் போச்சு” என்றார்.

ஆள் அனுப்பி ஞானத்தை வரவழைத்தார்கள். பைக்கில் வந்தவர் கைப்பையிலிருந்து தன் பெரிய மைக்ரோமீட்டரை எடுத்தார். எங்களிடம் கம்பியை அளக்கிற சின்னதுதான் இருந்தது. கிராங்கை அளக்கிற பெரியது எப்போதோ கீழே விழுந்து கெட்டுப்போய்க் கிடந்தது.

“ரெண்டும் ஒரே அளவுதான் அண்ணாச்சி. நான் நாலு பக்கமும் பாத்துதான் அனுப்பினேன்” என்றார் ஞானம்.

“கம்பி பொய் சொல்லாது ஞானம். அந்த ரெண்டாவத இன்னும் ஒண்ணரை தவ் கடைஞ்சு தா.”

“கடைஞ்சா பிறகு அதுக்குப் பேரிங்கு கெடையாது. கிராங்க ஆக்கர் கடையில பழைய இரும்புக்குத்தான் போடணும். நான் ஒரு மயிரிழை எடுக்க மாட்டேன்.”

அண்ணாச்சியின் குரல் இறங்கியது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து ஆளுக்காள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். கம்ப்ரசரை யாரோ அணைத்தார்கள். அதனால் அந்தச் சின்னக் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. வாசலில் டீ கொண்டுவந்த ஆளுக்கும் கேட்டது.

“உனக்குக் கண்ணு போச்சு ஞானம். அத ஒத்துக்க. இனி எங்க பட்டறைக்க கிராங்கு உனக்க வாசல் ஏறாது. சாயங்கால வண்டியில இத திருநெல்வேலிக்கு அனுப்பி, அங்க கடைஞ்சுக்கிடுகேன்.”

ஞானத்தின் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. கிராங்க் கடைபவனுக்குக் கண் போச்சு என்று ஒரு டீக்கடையில் பேச்சு விழுந்தால் போதும். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஒருத்தரும் அவரிடம் வேலை கொடுக்க மாட்டார்கள். அதைச் சொன்னதும் யார்? முப்பது வருஷச் சிநேகிதன், அதிலும் பொய் சொல்லாதவன் என்று எல்லாரும் நம்புகிற ஆள். ஞானம் மைக்ரோமீட்டரை மேஜையில் வைத்தார். “அளந்து பாரும்” என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி அந்த மைக்ரோமீட்டரைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். நான் மட்டும் பட்டறையிலேயே இருந்தேன். ஞானத்தை அடித்த அந்தக் கம்பியை அளந்துசொன்னது நான்தானே. என் அளவில் தப்பில்லை, அது எனக்குத் தெரியும். அப்படியானால் ஞானத்தின் அளவில் தப்பு இருக்க வேண்டும். அதை நானே பார்த்துவிட்டால் நெஞ்சுக்கு நிம்மதியாகிவிடும் என்று அந்தப் பெரிய மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தேன்.

முதல் இடம் அளந்தேன். இரண்டாவது இடம் அளந்தேன். குறுக்கே, நெடுக்கே, ஓரத்தில், நடுவில் என்று மாற்றி மாற்றி வைத்தேன். ரெண்டும் அச்சு அசல் ஒரே அளவு. ஞானம் சொன்னது சரி. கம்பி சொன்னதும் சரி.

அப்புறம் ஒன்று தோன்றியது. கிராங்க் ஒன்றுபோல் இருக்கிறதென்றால் மிச்சம் இருப்பது பேரிங். கிராங்கைப் பிடிக்கிற கனெக்டிங் ராடின் மூடியை மாற்றிப் போடக் கூடாது, அது அதனதன் ராடோடு பிறந்தது. ஆனால் பேரிங் ரெண்டு பாதியாக வருவது, மூடிக்குள் இருக்கிற பாதியை மாற்றலாம். முதலாவதில் இருந்ததை இரண்டாவதிலும் இரண்டாவதில் இருந்ததை முதலாவதிலும் போட்டேன். கம்பி வைத்தேன். முறுக்கினேன். கழற்றினேன். அளந்தேன். இப்போது இரண்டாவது ரெண்டு தவ் காட்டியது. முதலாவது காகிதமாகிவிட்டது. கோளாறு பேரிங்கோடு இடம் மாறிவிட்டது.

அந்தப் பாதியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளை உலோகம், கண்ணாடி மாதிரி சுத்தம். வெளிப்பக்கம் வெண்கலம். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரல் நகத்தால் முதுகை வருடினேன். ஓரிடத்தில் நகம் ஏறி இறங்கியது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

சந்தனம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணாச்சி கவனக்குறைவான மனிதர் இல்லை. அவருடைய கவனம்தான் இதைச் செய்திருக்கிறது. குங்குமம் பொடி, பேரிங்குக்கு ஆகாது என்று சந்தனம் மட்டும் வைத்திருக்கிறார். உள்பக்கம் எதுவும் படக் கூடாது என்று முதுகில் வைத்திருக்கிறார். அதுவும் நன்றாக இழைத்த சந்தனம், மெழுகு மாதிரி. மற்ற பாதிகளில் பொட்டு உதிர்ந்துவிட்டது. இதில் மட்டும் பரவிக் காய்ந்து வெண்கலத்தோடு நிறம் சேர்ந்துவிட்டது. நான் கழுவியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெயில் எந்த ஊர்ச் சந்தனம் கரையும்?

சந்தனம் இருந்த இடத்தில் பேரிங் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது, அதனால்தான் இடைவெளி குறைந்தது. திருநெல்வேலியில் கிராங்கைக் கடைந்திருந்தால் அன்றைக்குச் சரியாகத்தான் காட்டியிருக்கும். இன்ஜின் ஓடிச் சந்தனம் பொடிந்ததும் பேரிங் தொளதொளத்து, கிராங்கும் போய், குட்டியும் போய், பெரிய வண்டி குளத்தங்கரையிலேயே நின்றிருக்கும்.

இதை எப்படிச் சொல்வது? துடைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். கம்பி ரெண்டு தவ் காட்டும். பகவதி காலையில் தப்பாக அளந்தாள் என்று முடிந்துவிடும். அந்தக் கெட்ட பெயரை எடுக்க எனக்கு இஷ்டமில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். அதைவிட, ஞானத்தைச் சொன்ன சொல் அப்படியே காற்றில் நிற்கும். அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் பேரிங்கைத் துடைக்காமலே அவர் கையில் கொடுத்தேன்.

“அண்ணாச்சி, இதுக்க முதுக மோந்து பாருங்க.”

முகர்ந்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். அவர் தொண்டையைச் செருமுவார் என்று காத்திருந்தேன். செருமவில்லை.

“ஏட்டி, கிராங்க அளந்தியா?”

“அளந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்.”

“பேரிங்க மாத்திப் போட்டியா?”

“போட்டேன். கோளாறும் இதுகூடவே வந்துட்டு.”

அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு, “துடைக்காத. அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, முதலாளியின் ஜீப்பை எடுக்கச் சொல்லித் தக்கலைக்குப் போனார். போன இடத்தில் என்ன பேசினார்களோ தெரியாது. ஞானம் லேசில் வரவில்லை என்று மட்டும் டிரைவர் பிறகு சொன்னான். “வேலையத் தாரேன்னு வந்தீரா? எனக்கு வேலை வேண்டாம்” என்றாராம். அதற்கு அண்ணாச்சி, “வேலை தர வரல்ல. எல்லாரும் கேக்கச் சொன்னத எல்லாரும் கேக்கத் திருப்பி எடுக்கணும். நீ வந்தாத்தான் முடியும்” என்றாராம்.

நாற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். குட்டி இன்ஜின் சரியாகி, பெரிய வண்டி குளத்தங்கரையில் மறுபடி ஓடி, மழைக்கு முன்னால் கரை உயர்ந்தது. அந்த வருஷம் மழையும் நல்ல மழை. கரை நின்றது. அந்தக் கிராங்கில் நான் ஓய்வு பெறும் வரை யாரும் கை வைக்க வேண்டி வரவில்லை. ஆனால் என் மனசில் நிற்பது அதுவல்ல.

அன்றைக்குச் சாயங்காலம் ஞானம் ஜீப்பிலிருந்து இறங்கி வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி கம்ப்ரசரை அணைக்கச் சொன்னார். எல்லாரையும் மேஜையைச் சுற்றி வரச் சொன்னார். டீ கொண்டுவருகிற ஆளையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார். பேரிங்கை என்னிடம் கொடுத்து, தண்ணீரில் கழுவச் சொன்னார். கழுவினேன். துடைத்தேன். எண்ணெய் தடவாமல் மாட்டினேன். எல்லாரும் பார்க்க அவரே ரெண்டு சிலிண்டருக்கும் கம்பி வைத்து முறுக்கினார். கழற்றினார். நான் அளந்தேன்.

“முதல்ல ரெண்டு தவ். ரெண்டாவதுல ரெண்டு தவ்” என்று சத்தமாகச் சொன்னேன்.

அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார். “ஞானத்துக்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. அவனுக்க அளவு சரி. நான் வச்ச சந்தனந்தான் தப்பு. காலையில நான் சொன்னது எனக்க வாய்க்கொழுப்பு. எல்லாரும் கேட்டாச்சா?”

அண்ணாச்சி இப்படிப் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

“ஏலே, கேட்டாச்சா?”

“கேட்டாச்சு அண்ணாச்சி” என்றார்கள்.

ஞானம் வாசலிலிருந்து இன்னும் உள்ளே வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். திருப்பி மாட்டிக்கொண்டார்.

“எனக்குக் கேக்கல” என்றார். “இன்னும் ஒருக்கா சொல்லும்.”

அண்ணாச்சி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் உதடு துடித்தது, சிரிப்பு வந்தது. கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கத்திச் சொன்னார்.

ஞானம் உள்ளே வந்தார்.